‘இன்னும் ஒரு வாய்’ என்று கெஞ்ச வேண்டாம்

வாசகர் கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் சொல்பவர், சேலத்தில் பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சை அளித்துவரும் ஸ்பீச் தெரபிஸ்ட்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 56 வயசு. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர். போன வருஷம் நாக்கின் அடியில் கேன்சர் என்று சொல்லி, சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் கரன்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், கூடவே கீமோவும் கொடுத்தார்கள். முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறார் என்கிறார்கள். ஆனால் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. இரண்டு இட்லிக்கு ஒன்றரை மணி நேரம். தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது. காப்பி என்றால் உயிர், அதுகூட மண் மாதிரி இருக்கிறதாம். 71 கிலோ இருந்தவர் 58க்கு வந்துவிட்டார். ‘இன்னும் ஒரு வாய்’ என்று நான் கெஞ்சுவேன், அவர் தட்டைத் தள்ளிவிடுவார், அப்புறம் ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேச மாட்டோம். அவரால் சாப்பிட முடியாததை அவர் முன்னால் சமைக்கக் கூடாது என்று கறிக்குழம்பு வைப்பதையே விட்டுவிட்டேன். அடுப்படியில் நின்றபடியே ஏதோ வாயில் போட்டுக்கொள்கிறேன். சொந்தக்காரர்களோ ‘நோய்தான் போயிருச்சே, வீம்பு பண்றார்’ என்கிறார்கள். நான் என்ன செய்ய?
– வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: முதலில் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இது வீம்பு இல்லை. நாம் ஒரு வாய் விழுங்கும்போது முப்பதுக்கும் மேற்பட்ட தசைகள் வரிசை தப்பாமல் வேலை செய்கின்றன; நாக்கு உணவைப் பின்னால் தள்ளும், குரல்வளை மேலே ஏறும், மூச்சுக்குழாய் மூடிக்கொள்ளும், மூச்சு ஒரு கணம் நிற்கும், உணவுக்குழாயின் வாய் திறக்கும், தொண்டையில் இத்தனையும் ஏறக்குறைய ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். கரன்ட் எந்த இடத்தில் கேன்சரைக் கொன்றதோ அதே இடத்தில்தான் இந்தத் தசைகளும் எச்சில் சுரப்பிகளும் இருக்கின்றன. சுரப்பி வற்றிப்போகிறது, தசை வெயிலில் காய்ந்த தோல் செருப்பு மாதிரி விறைத்துப்போகிறது. ஆரோக்கியமாக இருப்பவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறும். உங்கள் வீட்டுக்காரருக்கு அதில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். அந்த வாயில் இட்லியைப் போட்டால் அது உதிர்ந்து அண்ணத்திலும் தொண்டையிலும் அப்பிக்கொள்ளும். ஒன்றரை மணி நேரம் ஆவதற்கு அதுதான் காரணம். இட்லி மெத்தென்று இருப்பதால் நோயாளிக்கு நல்லது என்று எல்லா வீட்டிலும் நினைக்கிறோம், வாய் உலர்ந்தவருக்கு வெறும் இட்லி ரொம்பக் கஷ்டமான சாப்பாடு.

இன்னொன்று, இதைச் சிகிச்சை தொடங்கும்போதே வீட்டுக்காரர்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும், பல இடங்களில் சொல்வதில்லை: கரன்ட் நின்றதும் இந்த விறைப்பு நின்றுவிடாது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் கூடிக்கொண்டே போகும். அதனால் நன்றாக விழுங்கிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று மோசமானால் நோய் திரும்பிவிட்டது என்று உடனே பதற வேண்டாம், ஆனால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளியும் போடக் கூடாது. நோய் திரும்பவில்லை என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். சிலருக்கு உணவுக்குழாயின் மேல்பகுதி சுருங்கியிருக்கும், அதை எண்டோஸ்கோப்பி வழியாக விரித்துவிட முடியும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் சுலபமாக இறங்குவது தண்ணீர் என்றுதான் நமக்குத் தோன்றும், இந்த நோயாளிகளுக்கு நேர் எதிர். தண்ணீர் வேகமாக ஓடும், விறைத்த தொண்டை மூடுவதற்குள் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். புரை ஏறி இருமுகிறார் என்றால் ஒரு விதத்தில் அவருடைய தொண்டை இன்னும் காவல் காக்கிறது என்று அர்த்தம். எனக்குப் பயம் எல்லாம் சத்தமில்லாத புரைதான். கரன்ட் வைத்த தொண்டையில் உணர்ச்சி குறைந்திருக்கும், இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குப் போகும், கடைசியில் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அதனால் இருமலை மட்டும் கவனித்தால் போதாது. சாப்பிட்ட பிறகு ‘ஆ’ என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி கொழகொழவென்று கேட்டால் ஏதோ மேலேயே தங்கியிருக்கிறது. சாயங்காலமானால் லேசாக ஜுரம், நெஞ்சில் சளி, மூச்சு வாங்கல் என்று இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

விழுங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று படம் பிடித்துப் பார்க்கப் பரிசோதனைகள் இருக்கின்றன. ஒன்று, எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் மருந்தைக் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பது, இன்னொன்று, மூக்கு வழியாகச் சின்ன கேமரா விட்டுப் பார்ப்பது. இதில் ஏதாவது ஒன்று செய்யாமல் ‘தலையைக் குனிந்து விழுங்குங்க’, ‘திரும்பி விழுங்குங்க’ என்று யார் சொன்னாலும் கேட்டு நடக்க வேண்டாம், ஒருவருக்குக் காப்பாற்றுகிற நிலை இன்னொருவருக்குப் புரையேற்றும். கரன்ட் வைத்த ஆஸ்பத்திரியிலேயே விழுங்கும் பயிற்சி கொடுக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் வேண்டும் என்று கேளுங்கள், அங்கே இல்லாவிட்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அடிக்கடி வர முடியாது, எனக்குத் தெரியும். முதல் தடவை வரும்போது அவர் பயிற்சி செய்வதை உங்கள் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் அதைப் பார்த்தே தினமும் செய்யலாம். கழுத்துத் தோள் விறைப்புக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவது, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இருக்கிறது, உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுத்து வையுங்கள்.

பயிற்சி என்றால் என்னவோ என்று நினைக்க வேண்டாம். பெரிய கவளத்தை விழுங்குவது போல முழு பலத்தோடு எச்சிலை விழுங்குவது, நாக்கின் நுனியைப் பல்லுக்கு நடுவே லேசாகப் பிடித்தபடி விழுங்குவது (இதை வாயில் சாப்பாடு வைத்துக்கொண்டு ஒருபோதும் செய்யக் கூடாது), விழுங்கும்போது மேலே ஏறும் குரல்வளையை ஒன்றிரண்டு நொடி அங்கேயே நிறுத்திப் பிடிப்பது, இந்த மாதிரிதான். யாருக்கு எது, எத்தனை தடவை என்பதைத் தெரபிஸ்ட் சொல்வார். செய்யாமல் விட்ட தசை வேகமாகப் படுத்துவிடும்.

இனி அடுப்படி. தாளிப்பு இல்லாத சாப்பாடு நம் ஆட்களுக்குச் சாப்பாடே இல்லை, ஆனால் கடுகும் கறிவேப்பிலையும் மிளகாய்த் தோலும் தொண்டையில் ஒட்டிக்கொண்டு உயிரை எடுக்கும். எண்ணெயில் எல்லாவற்றையும் தாளித்து, அந்த எண்ணெயை மட்டும் டீ வடிகட்டியில் வடித்துக் குழைந்த பருப்புச் சோற்றில் ஊற்றுங்கள், வாசனை அப்படியே இருக்கும், சக்கை வடிகட்டியில் நின்றுவிடும். காரம் எரிந்தால் மிளகாயை விட்டுவிட்டு சீரகம், பெருங்காயம், கொஞ்சம் இஞ்சிச் சாறு. நாக்கின் ருசி பலருக்குச் சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும், முழுசாகத் திரும்பாதவர்களும் உண்டு, அதனால் இன்றைக்கு மண் என்று தள்ளியதை அடுத்த மாதம் ஒரு ஸ்பூன் மறுபடி வைத்துப் பாருங்கள்.

சோற்றை மிக்சியில் அடித்தால் பசை மாதிரி ஆகிவிடும், அது கட்டியான சோற்றைவிட ஆபத்து. கொதிக்கும் ரசமோ நெய்யோ கெட்டித் தயிரோ சேர்த்து அடியுங்கள், கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒட்டாமல் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும். அதுதான் பதம்.

ஜவ்வரிசி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேலத்துக்காரர்கள் நாம் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஜவ்வரிசிக் கஞ்சியைத்தான் வைப்போம். முத்து முத்தாக மிதக்கிற ஜவ்வரிசியைப் பாலோடு கொடுக்காதீர்கள். நீர்த்த பால் ஒரு வேகத்தில் ஓடும், முத்து ஒரு வேகத்தில் உருளும், இரண்டையும் சேர்த்துச் சமாளிக்க அவர் தொண்டையால் முடியாது. பால் சோறு, குழம்பில் மிதக்கிற இட்லித் துண்டு எல்லாமே இதே கதை. ஜவ்வரிசியை வறுத்துப் பொடித்து வைத்துக்கொண்டு, பாலில் கட்டி தட்டாமல் காய்ச்சினால் வழவழவென்று ஒரே பதத்தில் வரும். அதிலும் ஒன்று கவனியுங்கள், மாவுச்சத்துக் கஞ்சியில் எச்சில் பட்ட ஸ்பூனைத் திரும்பத் திரும்ப விட்டால் கொஞ்ச நேரத்தில் நீர்த்துவிடும். கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொடுங்கள். தண்ணீருக்கும் காப்பிக்கும், பரிசோதனைக்குப் பிறகு டாக்டர் சொன்னால், கெட்டியாக்கும் பொடி மெடிக்கலில் கேட்டால் வாங்கித் தருவார்கள், சாந்தன் கம் வகை என்றால் எச்சிலில் நீர்க்காது. காப்பியைக் கெட்டியாக்கிக் குடிப்பதா என்று முதலில் முகம் சுளிப்பார், சூடு குறைத்து அரை டம்ளர் வைத்துப் பாருங்கள். காப்பிக்காட்டிலேயே வாழ்ந்த மனுஷனுக்குக் காப்பியை அடியோடு நிறுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஏற்காடு ஆரஞ்சுச் சாறு வேண்டாம், புளிப்பு எரியும், நீர்த்து ஓடும். மாம்பழக் காலத்தில் மல்கோவா சதையை அடித்து வடிகட்டிக் கெட்டித் தயிரில் கலந்து கொடுங்கள், சர்க்கரை நோய் இருந்தால் அளவைக் கேட்டுக்கொண்டு.

அவருடைய எடைக்குத் தினமும் 1,700 கலோரிக்கு மேல் வேண்டும், புரதம் 70 கிராம் அளவுக்கு வேண்டும். இரண்டு இட்லியில் ஒன்றரை மணி நேரம் போராடினாலும் அதில் கிடைப்பது 100 கலோரி சொச்சம்தான். அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்டுங்கள். ஒரு மேஜைக்கரண்டி நெய்யில் 120 கலோரிக்கு மேல் இருக்கிறது, ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், கஞ்சியில் பால் பவுடர் இரண்டு ஸ்பூன், கடலைப்பருப்புக்குப் பதில் பாசிப்பருப்பு. மூன்று வேளையை ஆறு வேளையாக்கி, ஒரு வேளை அரை மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள், களைத்த தசைதான் புரையேற்றும். நிமிர்ந்து உட்கார வேண்டும், டி.வி. வேண்டாம், வாயில் உணவு இருக்கும்போது அவரிடம் கேள்வி கேட்க வேண்டாம், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. மாத்திரையை உங்கள் இஷ்டத்துக்குப் பொடிக்காதீர்கள், சிலவற்றைப் பொடிக்கவே கூடாது. வாய்ச் சுத்தம் ரொம்ப முக்கியம், அசுத்தமான வாயிலிருந்து இறங்குகிற எச்சில்தான் நுரையீரலைக் கெடுக்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு போட்டு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் கொப்பளித்துத் துப்பட்டும். பல் வலித்தால் கரன்ட் வைத்ததைச் சொல்லாமல் பல் பிடுங்கக் கூடாது, தாடை எலும்பு ஆறாமல் போகலாம். கழுத்தில் கரன்ட் பட்டவர்களுக்குத் தைராய்டு குறைவது சகஜம், ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒரு தடவை ரத்தப் பரிசோதனை தொடர்ந்து வேண்டும். அவருடைய சோர்வுக்கும் பாதி காரணம் அதுவாக இருக்கலாம்.

சரி, நீங்கள் உண்மையில் கேட்டதற்கு வருகிறேன். 13 கிலோ குறைந்திருக்கிறது, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு உடம்பு. இது கெஞ்சித் தீர்க்கிற விஷயம் இல்லைங்க. இதை டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும் ஒப்படையுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை பார்த்து எழுதி வைத்து அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எத்தனை வாய் உள்ளே போனது என்று எண்ணுகிற வேலையை அந்தத் தாளுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் விலகிக்கொள்ளுங்கள். ஒருவர் ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டே இருக்கும்போது யாருக்கும் தொண்டை இறுகும், அவருக்கு ஏற்கெனவே இறுகிய தொண்டை. ‘ஏன் சாப்பிடலை’ என்பதற்குப் பதில் ‘இன்னிக்கு எது நல்லா இறங்குச்சு’ என்று சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கேளுங்கள்.

அப்புறம் அந்தக் கறிக்குழம்பு. வையுங்கள். வைப்பதற்கு முன் அவரிடமே கேளுங்கள், ‘நான் கறிக்குழம்பு வெச்சா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா’ என்று. என்னிடம் வருகிற ஆண்கள் பலர், தன்னால் சாப்பிட முடியவில்லை என்பதைவிட, தனக்காக மனைவி வாயைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் தாங்க முடியவில்லை என்கிறார்கள். அவர் வேண்டாம் என்றால் அவர் தூங்குகிற நேரத்தில் சமையுங்கள், வேண்டும் என்றால் வடிகட்டிய குழம்பில் ரெண்டு ஸ்பூன் அவர் சோற்றிலும் சேரட்டும். எப்படியானாலும் உங்கள் தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர் கிண்ணம் அவருக்கு, உங்கள் தட்டு உங்களுக்கு. தோட்டத்தில் மிளகு எப்படிக் காய்த்திருக்கிறது என்று பேசுங்கள், அவர் தலையாட்டட்டும். நீங்கள் படுத்துவிட்டால் அந்த வீட்டில் கஞ்சி காய்ச்ச ஆள் இல்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஒருவேளை பேசவும் இருமவும் முடியாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால், முன்னால் குனியவைத்து இரு தோள்பட்டைக்கு நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து தட்டு பலமாகத் தட்டுங்கள், வெளியே வராவிட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலாக ஐந்து முறை அழுத்துங்கள், மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இன்னொருவரை 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிறேன். மனைவிக்கு 48 வயது, கன்னத்தில் புற்றுநோய் வந்து ஆபரேஷனும் கரன்ட்டும் ஆனது. வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது, சாப்பிடும்போது ஓரத்தில் வழிகிறது. ஆடித் திருவிழாவுக்குக்கூட வாசலுக்கு வரவில்லை. ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். பந்தியில் உட்கார மாட்டேன் என்று அழுகிறார். எப்படித் தேற்றுவது?
– வாசகர், சேலம்

பதில்: நம் மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாயில் நுழைக்க முடிய வேண்டும், அதுதான் சாதாரண அளவு. ஒரு விரல் என்றால் பல் துலக்கக்கூட முடியாது, அவர் படுகிற பாடு புரிகிறது. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்துத் தாடையை மெல்ல விரிக்கும் பயிற்சி பெரிய செலவில்லாதது, பல ஆஸ்பத்திரிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இன்று எத்தனை குச்சி வலியில்லாமல் நுழைகிறதோ அதுதான் தொடக்கம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு குச்சி கூட்டலாம். ஆபரேஷன் செய்த டாக்டர் சரி என்ற பிறகு தொடங்குங்கள். தாமதிக்கத் தாமதிக்க இளகுவது கஷ்டம், ஆகவே ஆவணி வரை காத்திருக்க வேண்டாம். குச்சியை எண்ணி எடுத்து வைப்பது நீங்கள் செய்யலாம், தறி நிறுத்துகிற நேரத்தையே பயிற்சி நேரமாக வைத்துக்கொண்டால் இருவருக்கும் மறக்காது.

பந்தியில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? மகளை மணமேடைக்கு அழைத்து வருவதும் வந்தவர்களை வாங்க என்று சொல்வதும்தான் அன்றைக்கு அம்மாவின் வேலை, இலையில் உட்காருவது இல்லை. காலையிலேயே வீட்டில் வயிறாரக் கஞ்சி குடித்துவிட்டு வரட்டும். மணப்பெண் அறையில் பிளாஸ்க்கில் இன்னொரு வேளைக்கு இருக்கட்டும், கூட ஒரு சின்ன கண்ணாடி, நல்ல பருத்திக் கைக்குட்டை நாலு. கண்ணாடி பார்த்துச் சாப்பிட்டால் வழிவது அவருக்கே முதலில் தெரியும், பிறர் சொல்ல வேண்டியதில்லை. பட்டுப் புடவை நெய்கிற வீட்டில் அந்தக் கைக்குட்டைக்கு அவர் புடவை நிறத்திலேயே ஒரு கரை போட்டுக் கொடுங்களேன்.

ஒன்றே ஒன்று. யாராவது ‘ஏன் சாப்பிடலை’ என்று அவரைக் கேட்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். என்ன சொல்வது, யார் சொல்வது என்று முதல் நாளே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் பேச்சு தெளிவில்லாமல் இருந்தாலும் பரவாயில்லை, அவரே சொல்ல விரும்பினால் சொல்லட்டும். அப்படி இல்லாமல் ‘நீங்க சொல்லிடுங்க’ என்றால் சொல்லுங்கள். அழுகை ஓயாமல் இருந்தால், தூக்கமும் போனால், அதற்கும் டாக்டர் இருக்கிறார், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: என் கணவருக்குச் சாப்பாடு கொடுக்க வயிற்றில் குழாய் வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ‘குழாய் வைத்தால் கடைசிக் கட்டம்’ என்கிறார் மாமியார். மூக்கு வழியாகப் போட்ட ரைல்ஸ் டியூப் போதாதா?
– வாசகி, ஆத்தூர்

பதில்: கடைசிக் கட்டம் இல்லை. நாலைந்து வாரத்துக்கு மேல் குழாய் தேவைப்படும் என்று தெரிந்தால் வயிற்றுக் குழாய்தான் வசதி, மூக்கில் உறுத்தாது, தொண்டையில் கிடக்காது, சட்டைக்குள் மறைந்துவிடும், வெளியே போகலாம். எடை ஏறி விழுங்குவது சரியானதும் எடுத்துவிடுவார்கள், அப்படி எடுத்துவிட்டு வேலைக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாமியாரை அடுத்த தடவை டாக்டரிடம் அழைத்துப் போங்கள், டாக்டர் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

குழாய் இருக்கிறது என்பதற்காக வாயை முழுக்க ஓய்வுக்கு விடக் கூடாது. தெரபிஸ்ட் அனுமதித்த அளவு, அது நாலு ஸ்பூன் என்றாலும், தினமும் வாயால் விழுங்க வேண்டும். ஒன்றுமே அனுமதி இல்லை என்றால் எச்சில் விழுங்கும் பயிற்சியாவது. குழாயில் ஊற்றும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும், ஊற்றிய பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே. உணவுக்கு முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கஞ்சியை நன்றாக வடிகட்டுங்கள், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும்.

வயிற்றுக் குழாய் தவறி வெளியே வந்துவிட்டால் நீங்களாகத் திருப்பி நுழைக்காதீர்கள், நாளைக்குப் போகலாம் என்றும் இருக்காதீர்கள். துளை சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கும். சுத்தமான துணியால் மூடி, வெளியே வந்த குழாயையும் கையோடு எடுத்துக்கொண்டு, இரவானாலும் வைத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.